கொழும்பிலே காலைப்பசி

மகனையோ மகளையோ கொழும்பிற்குப் படிக்க அனுப்பிவிட்டு ஊரிலே இருக்கும் பெற்றோர் எம்மைக் காணும்போதெல்லாம் கேட்கும் கேள்விகள் இரண்டு. பிள்ளை ஒழுங்காகப் படிக்கின்றதா என்பது இரண்டாவது. காலையில் ஏதேனும் சாப்பிடுகின்றதா என்பதே முதலாவது. முதற் கேள்விக்கு உரிய மறுமொழியைப் பொறுத்தே மற்றதற்கும் மறுமொழி அமைகின்றது என்பதைப் பல ஆண்டு வகுப்பறைப் பழக்கம் எமக்குக் காட்டியிருக்கின்றது.

எங்கள் நாட்டிலே பாடசாலை மணி காலை 7.30க்கு அடிக்கின்றது. அதற்கு முன் வகுப்பில் இருக்கவேண்டிய பிள்ளை, பேருந்து நெரிசலை எண்ணி, ஆறு மணிக்கே அறையை விட்டுப் புறப்பட்டுவிடுகின்றது. வாடகை அறைகள் பலவற்றிலே அடுப்பு மூட்ட அனுமதி இல்லை. வழியில் ஒரு பணிஸ், ஒரு பிளேன்ரீ, இடைவேளைவரை அவ்வளவே. ஒன்பது மணிப் பாடத்திலே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே ஒன்றையும் காணாதிருக்கும் கண்களை நாம் அறிவோம். அதனைச் சோம்பல் என்று பெயரிட்டு அதட்டும் ஆசிரியரும் உளர். காலைப் பிரார்த்தனையில் வரிசையில் நின்ற பிள்ளை முகம் வெளிறிச் சரிந்த பின்னரே, "சாப்பிட்டனியோ?" என்று கேட்க எவருக்கும் தோன்றுகின்றது.

ஆதலால், தலைநகரிலே காலையில் வயிறார உண்ணத்தக்க இடங்களைப் பற்றி எழுதுவது நாவின் சபலத்தைப் போற்றும் வேலையன்று என்றே கருதுகின்றோம். நாம் சைவ உணவினர். எனவே சைவக் கடைகளைப் பற்றிச் சற்று விரிவாகவும் ஏனையவற்றைப் பற்றிச் சுருக்கமாகவும் எழுதுவதை வாசகர் பொறுத்துக்கொள்வாராக.

வடக்கிலிருந்து இரவுப் பேருந்திலே வருவோர் விடியற்காலை வெள்ளவத்தையில் இறங்குவதுண்டு. கடற்காற்றும் டீசற் புகையும் கலந்த அந்த நேரத்தில், காலி வீதியின் இருபுறமும் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே சுருள்கின்றன. பெட்டியும் மூட்டையுமாக இறங்கியவர் முதலிலே தேடுவது உறவினர் வீட்டையன்று. ஒரு சைவக் கடையையே. முகங் கழுவி, நெற்றியில் நீறு பூசி, சூடான தேநீர் ஒன்று குடித்த பின்னரே கொழும்பு அவருக்குக் கொழும்பாகத் தோன்றுகின்றது.

வெள்ளவத்தையிலும் அதனை அடுத்த பம்பலப்பிட்டியிலும் சைவ உணவுச்சாலைகளுக்குக் குறைவில்லை. பம்பலப்பிட்டியிற் காலி வீதியோரத்திலுள்ள சரஸ்வதி லொட்ஜ், கடலை நோக்கிச் செல்லும் ஷ்ரபரி கார்டன்ஸ் ஒழுங்கையிலே பழைய வீடொன்றில் அமைந்த கிறீன்லன்ட்ஸ், வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியிலுள்ள ஷண்முகாஸ் ஆகியன கொழும்புத் தமிழர் மாத்திரமன்றிச் சிங்களவரும் முஸ்லிம்களும் அறிந்த பெயர்கள். முதலாவது சந்தடி மிக்கது. எழுதுவினைஞரும் மாணவரும் கடைச் சிப்பந்திகளும் ஒரே மேசையில் அடுத்தடுத்து அமர்ந்து உண்டு எழுவர். இரண்டாவதிலே சற்றே ஆறியிருந்து உண்ணலாம். முதியோரை அழைத்துச் செல்ல ஏற்றது. மூன்றாவது, குடும்பமாகச் சென்று உண்பதற்கு உரியது. மாணவன் தன் பணத்திலே நாள்தோறும் போகும் இடமன்று, ஊரிலிருந்து தந்தையார் வந்த அன்று போகும் இடம்.

இத்தகைய கடைகளிலே காலையிற் கிடைப்பன இட்டலி, தோசை, உழுந்து வடை, பொங்கல், பூரி ஆகியன. சில கடைகளில் இடியப்பமும் பிட்டும் உண்டு. யாழ்ப்பாணத்தவருக்கு இங்கே ஒரு சிறு ஏமாற்றம் காத்திருக்கும். எங்கள் வீட்டுத் தோசை வெந்தயமும் மஞ்சளும் சேர்ந்து, தாளிதம் கலந்து, மஞ்சள் நிறமாய் மெத்தென்று இருப்பது. அதற்குத் துணை சம்பல். கொழும்புக் கடைத் தோசையோ தமிழகத்து மரபிலே வெண்மையும் முறுகலுமாய் வருவது. அதற்குத் துணை சாம்பாரும் சட்னியும். எது சிறந்தது என்று வாதிட்டு நண்பர் இருவர் பிரிந்ததைக்கூட நாம் கண்டிருக்கின்றோம். எம்மைக் கேட்டால், வீட்டிலே வீட்டுத் தோசை, கடையிலே கடைத் தோசை என்போம்.

இட்டலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நோயாளியின் உணவென்று இளைஞர் அதனை ஒதுக்குகின்றனர். உண்மையில், நாளெல்லாம் படிக்க வேண்டியவனுக்கு அதனினும் ஏற்ற காலையுணவு மிகச் சிலவே. அரிசிப் புரதத்திலே இலைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. உழுந்திலே அது நிறைய உண்டு. உழுந்திற் குறைந்தது அரிசியில் உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. அரைத்த மாவு இரவு முழுதும் புளிக்கும்போது நுண்ணுயிர்கள் அதனை எளிதிற் சமிக்கத்தக்கதாக்குகின்றன. நீராவியில் வேவதால் எண்ணெய்ச் செலவும் இல்லை. நான்கு இட்டலியும் ஒரு வடையும் நிறையச் சாம்பாரும் உண்டவன் மதியம்வரை பசி அறியான். பணிஸ் தின்றவனுக்கோ இரண்டு மணி நேரத்திற்குள் வயிறு கூப்பிடத் தொடங்கிவிடும்.

சைவக் கடைக்குப் புதிதாகச் செல்லும் மாணவருக்கு ஒரு நடைமுறை தெரிந்திருக்க வேண்டும. வடையும் பிற பலகாரங்களும் ஒரு தட்டிலே நிறைய அடுக்கி மேசைமேல் வைக்கப்படும். அவ்வளவும் உங்களுக்கென்று வைக்கப்பட்டதன்று. உண்டதற்கு மாத்திரமே பணம். எழும்போது பரிமாறுபவர் ஒரே பார்வையிலே தட்டை நோக்கிக் கணக்கைச் சொல்லிவிடுவார். அவருடைய கணக்குப் பிழைத்ததை நாம் கண்டதில்லை. எங்கள் வகுப்பு மாணவர் சிலருக்கு அவரிடம் பயிற்சி அளித்தால் நன்றென்று எண்ணியதுண்டு. சாம்பாருக்கும் சட்னிக்கும் தனிக்கணக்கு இல்லாத கடைகள் இன்னும் இருக்கின்றன. வாளியோடு வருபவரிடம் இரண்டாந் தரம் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

இக்கடைகளின் கதை நெடியது. தமிழகத்திலிருந்து வந்தோரும் யாழ்ப்பாணத்தவரும் நடத்திய உணவுச்சாலைகள் கொழும்பின் பல பகுதிகளிலும் இருந்தன. 1983 ஜூலையிலே தமிழர் கடைகள் தீக்கிரையானபோது உணவுச்சாலைகளும் தப்பவில்லை. அடுப்பும் தோசைக்கல்லும் தவிர வேறொன்றும் மிஞ்சாத இடங்களிலே மீண்டும் கூரை போட்டுக் கடை திறந்தவர் உண்டு. திரும்பி வராதவரும் உண்டு. போர்க்காலத்தில் வெளிநாட்டு விசாவுக்காகவும் கடவுச்சீட்டுக்காகவும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதிகளில் மாதக்கணக்கிற் காத்திருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இக்கடைகளே அடுக்களையாக இருந்தன. இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பலர், கொழும்பில் வந்திறங்கியதும் பழைய கடையைத் தேடிச் சென்று, பழைய மேசையில் அமர விரும்புவதற்கு இதுவே காரணம்.

வடக்கே கோட்டைப் பக்கம் செல்வோம். புறக்கோட்டைச் செட்டியார் தெரு பொன் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கதிரேசன் கோவில்களிலே காலைப் பூசை முடியும் வேளை, தெருவிலும் அருகிலுள்ள ஒழுங்கைகளிலும் உணவுக் கடைகள் நிறைந்துவிடுகின்றன. ஆடிவேல் விழாக் காலத்தில் அங்கே இடம் பிடிப்பது எளிதன்று. இங்குள்ள சிறு கடைகள் பம்பலப்பிட்டிக் கடைகளைப் போல அலங்காரமுடையன அல்ல, மேசை ஆடும், சுவரிலே நாட்காட்டிகள் தொங்கும். ஆனால் மாவு அன்றன்றைக்கு அரைத்தது. வாடிக்கை மிகுதியால் ஒன்றும் ஆறிக் கிடப்பதில்லை. பொற்கொல்லரும், கணக்கப்பிள்ளைமாரும், நாட்டாமைமாரும் உண்ணும் இடம் எதுவோ அங்கே போவது நலம். புறக்கோட்டை ஒழுங்கைகளில் முதுகு வளைய மூட்டை சுமக்கும் நாட்டாமைக்கு, காலையில் உண்பது உண்மையாகவே வயிற்றை நிரப்ப வேண்டும். இல்லாவிடில் மறுநாள் அவர் அக்கடைக்கு வரமாட்டார். 2020 இல் மெனிங் சந்தை பேலியகொடைக்கு மாற்றப்பட்ட பின்னர், விடியுமுன் மரக்கறி மூட்டைகளோடு திரண்ட கூட்டம் இப்பகுதியிலே குறைந்துவிட்டது. அக்கூட்டத்தை நம்பியிருந்த தேநீர்க் கடைகளுக்கு அது பேரிழப்பு.

கொழும்பில் வாழ்ந்துகொண்டு எங்கள் கடைகளை மாத்திரம் அறிந்திருப்பது அறியாமை. சிங்கள மக்களின் காலையுணவு எங்களுடையதற்கு மிக நெருங்கியது. இடியப்பமும் பாற்சொதியும் அவர்களுக்கும் உண்டு, பிட்டும் உண்டு. தேங்காய்ப்பூ சேர்த்த ரொட்டியும், அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், மாதத்தின் முதல் நாளிலும் புத்தாண்டிலும் சாய்சதுரத் துண்டுகளாக வெட்டிப் பரிமாறப்படும் பாற்சோறும் வயிற்றுக்கு நிறைவானவை. இலைக்கஞ்சி எல்லாவற்றினும் மேலானது. வல்லாரை முதலிய இலைகளின் சாற்றைச் சிவப்பரிசிக் கஞ்சியிலும் தேங்காய்ப் பாலிலும் கலந்து, ஒரு துண்டுக் கித்துட் கருப்பட்டியோடு தருவர். காலையிலே பெரிய பானையிலிருந்து கோப்பை கோப்பையாக வார்க்கும் கடைகளைக் கொழும்பின் பல சந்திகளிலும் காணலாம். விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் ஹெல போஜுன் உணவகம் பத்தரமுல்லையில் உண்டு. குரக்கனிலும் அரிசிமாவிலும் செய்த உள்ளூர்ப் பலகாரங்கள் கண்முன்னே சுட்டுத் தரப்படுகின்றன. கோதுமை மாவுக்கு அங்கே இடமில்லை.

சைவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இக்கடைகளில் தரப்படும் தேங்காய்ச் சம்பலிலும் கட்டைச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் பெரும்பாலும் மாசிக்கருவாடு சேர்ந்திருக்கும். பார்வைக்குத் தெரியாது. பருப்புக் கறியிலும் சிலர் சேர்ப்பர். முதலிலேயே கேட்டுவிடுவது நன்று. கேட்டால் எவரும் கோபிப்பதில்லை. எங்கள் பழக்கத்தை மதித்து, தனியே ஒரு கிண்ணத்தில் வெறும் மிளகாய்ச் சம்பல் இடித்துத் தந்த சிங்களத் தாய்மாரை நாம் கண்டிருக்கின்றோம்.

புலால் உண்ணும் வாசகருக்கு மருதானையிலும் புதுக்கடையிலும் முஸ்லிம் கடைகளின் பராட்டாவும் கறியும், கொம்பனித் தெருவிலே மலாய்க் குடும்பங்கள் ஆக்கும் பிட்டும் பாபத்தும் பெயர் பெற்றவை. அவற்றின் சுவையை உரைக்க நாம் தகுதியுடையோமல்லோம். அப்பத்தைத் தேடுவோருக்கு மாத்திரம் ஒரு சொல்: கொழும்பிலே பல கடைகள் அப்பத்தை மாலையிலேதான் சுடுகின்றன. காலை அப்பம் வேண்டுமாயின் முதல் நாளே விசாரித்து வைக்க வேண்டும்.

இவ்வளவும் இருக்க, எங்கள் பிள்ளைகள் ஏன் பணிசையும் பாணையும் நாடுகின்றனர்? பாண் எங்கள் மண்ணின் உணவன்று. கோதுமை இங்கே விளைவதில்லை. 1942 இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது, கோதுமை மா எங்கள் வீடுகளுக்குள் உறுதியாகப் புகுந்தது. 1980 இல் திருகோணமலையிலே பெரிய மாவாலை இயங்கத் தொடங்கிய பின் அது எங்கும் எளிதிற் கிடைத்தது. இன்று பேதோவனின் இசையை ஒலித்துக்கொண்டு முச்சக்கர வண்டியிலே வாசலுக்கே பாண் வருகின்றது. வாசலுக்கு வரும் உணவோடு வரிசையில் நின்று வாங்கும் உணவு போட்டியிட முடியுமா? நேரமும் பணமும் இரண்டும் பாணின் பக்கமே நிற்கின்றன.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் காலையுணவைப் பற்றிச் சொல்வது பொய்யாகும். 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சமையல் வாயு உருளை 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அதுவும் நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்க்கே கிடைத்தது. 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஓராண்டிற்குள் 94.9 வீதம் ஏறியிருந்தன. நூறு ரூபாவுக்கு உண்டவன் ஏறத்தாழ இருநூறு கொடுக்க வேண்டியதாயிற்று என்பது இதன் பொருள். விலையேற்றத்தின் வேகம் பின்னர் தணிந்தது. ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அந்த ஆண்டிலே வகுப்பறையில் நாம் கண்ட மாற்றம் எந்தச் சுட்டெண்ணிலும் அடங்காது. காலையில் நால்வராகக் கடைக்குச் சென்ற மாணவர், இருவருக்குரியதை வாங்கி நால்வராகப் பகிர்ந்தனர். சிலர் கடைக்குப் போவதையே விட்டு, "பசியில்லை, சேர்" என்று சொல்லப் பழகிக்கொண்டனர். பதினேழு வயதுப் பிள்ளைக்குக் காலையிற் பசியில்லை என்றால் அதனை எந்த ஆசிரியர் நம்புவார்?

கையில் உள்ள சிறு தொகையை எப்படிச் செலவிடலாம் என்று கேட்கும் மாணவருக்கு எமது எண்ணம் இதுவே. தட்டிலே பொன்னிறமாய் இருக்கும் வடையைக் கண்டு முதலில் அதனை எடுக்க வேண்டாம். இட்டலியோ பிட்டோ முதலில் வயிற்றை நிரப்பட்டும். முறுகல் தோசையிலும் ஊத்தப்பம் நிறைவானது. பால்தேநீருக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னோர் இட்டலி கிடைக்குமாயின் இட்டலியே மேல். குளிர்பானத்தின் பக்கம் திரும்பியும் பார்க்க வேண்டாம். இருவர் சேர்ந்து அவித்த கடலையோ பயறோ வாங்கிப் பகிர்வது இன்னும் சிக்கனமானது. கடையைத் தேரும்போது பெயர்ப்பலகையை நோக்காமல், கைகழுவும் இடத்தையும் குடிநீர் வைத்திருக்கும் பாத்திரத்தையும் நோக்குக. அவை துப்புரவாக இருந்தால் அடுக்களையும் அவ்வாறிருக்கக் கூடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்கும் முதலிடங்களும் அவையே.

இலையைப் பற்றியும் ஒன்று. வாழையிலையை விட்டுப் பொலித்தீன் தாளுக்கு மாறிய எங்கள் கடைகள், 2017 செப்டெம்பர் 1 முதல் அத்தாளுக்குத் தடை வந்தபோது திகைத்து நின்றன. சில கடைகள் மீண்டும் வாழையிலைக்கு வந்தன. சூடான பொங்கல் வாழையிலையில் விழும்போது எழும் மணத்தை அறியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. தடையையும் மீறித் தாள் எங்கோ ஒளிந்து வருவதும் உண்டு.

ஆயினும், கொழும்பிலே எம் பிள்ளைகளுக்கு வாய்த்த நல்ல காலையுணவுகளுள் ஒன்று பெயர்ப்பலகை எதுவுமில்லாத இடத்திலிருந்து வருகின்றது. வெள்ளவத்தையிற் கடலை நோக்கிய ஒழுங்கைகளிலும் அவற்றின் பின்கட்டு வீடுகளிலும் இடியப்பமும் பிட்டும் அவித்து விற்கும் பெண்கள் இருக்கின்றனர். பலர் போரில் வீடிழந்து வந்தவர்கள். கடைகளிலே எமக்குப் பரிமாறப்படும் இடியப்பத்தில் ஒரு பகுதியும் இவர்கள் கையால் வந்ததே.

வன்னியிலிருந்து வந்த ஒரு தாயை நாம் அறிவோம். இரண்டரை மணிக்கு எழுந்து, சிவப்பரிசி மாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து, உரலிற் பிழிந்து, தட்டுத் தட்டாக அவித்து இறக்குவார். ஐந்தரைக்குள் முந்நூறு இடியப்பத்துக்குக் குறையாமல் ஆகிவிடும். தோள்பட்டை வலியை அவர் நோயாகக் கொள்வதில்லை. தொழிலின் பகுதியாகவே கொள்கின்றார். 2022 இலே வாயு கிடைக்காத நாட்களில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் விறகு மூட்டவும் இயலாமல், மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று, ஆறு வாரம் உரலைத் தொடாதிருந்தார். அந்த ஆறு வாரமும் எங்கள் மாணவர் பதினொருவர் பாணோடு இருந்தனர். அவருடைய மூத்த மகள் இப்போது பல்கலைக்கழகத்திலே முகாமைத்துவம் படிக்கின்றாள். கணக்கெழுதும் கொப்பி அவளுடைய பொறுப்பு. மாத முடிவிலே பணம் தர இயலாத பிள்ளையின் பெயருக்கு எதிரே அவள் ஒன்றும் எழுதுவதில்லை என்று தாயார் குறைப்படுவார். குறைப்படுவாரேயன்றி, மறுநாள் அந்தப் பிள்ளைக்கு இடியப்பம் நிறுத்தியதில்லை.

இத்தகைய வீடுகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். அறை வாடகைக்குத் தரும் வீட்டுக்காரரைக் கேட்டாற் சொல்வார். கோவில் மடைப்பள்ளியில் உதவும் அம்மாமாரைக் கேட்டால் இன்னும் விரைவிற் சொல்வர். முதல்நாள் மாலை ஏழு மணிக்கு முன் எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும். வளரும் பிள்ளைக்குப் பத்து இடியப்பம், சொதி, சம்பல்; சனிக்கிழமைகளிற் குரக்கன் பிட்டு. ஆறே முக்காலுக்குப் பின் சென்றால் வெறும் தட்டுக்களையே காணலாம். பெற்றோர் மாதப் பணத்தை மகன் கையிற் கொடாமல் நேரே அந்த வீட்டிற் கொடுத்துவிடுதல் நல்லது என்பது எமது கருத்து. பிள்ளைகளுக்கு இது பிடியாது.

பாத்திரம் கொண்டு செல்ல வேண்டும். இக்கட்டுரைக்காக அந்தத் தாயாரிடம் ஏதேனும் சொல்ல வேண்டியது உண்டா என்று கேட்டபோது அவர் சொன்னதும் இதுவே: "சேர், பிள்ளையளைத் தங்கட ஏனத்தோட வரச் சொல்லுங்கோ. கொதிக்கக் கொதிக்கச் சொதியைப் பையிலை ஊத்திக் குடுக்க எனக்கு மனமில்லை."